எரியும் செல்வமும் இருண்ட இல்லமும்

கைத்தொழில் பெருகப் புகையும் பெருகும். வறிய நாடு முன்னேற விரும்பின் புகையைப் பொறுத்துக்கொள்ளல் வேண்டும் என்பார் பலர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், புகை பெருகியும் வாழ்வு பெருகாத நைஜீரியாவை நோக்கும்போது, இவ்வாதம் எனக்கு நிறைவு தருவதாயில்லை.

நைஜர் ஆற்றின் கழிமுகத்திலே, ஒலொய்பிரி என்னும் சிற்றூரில் 1956ஆம் ஆண்டு எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1958இல் ஏற்றுமதி தொடங்கிற்று. நிலத்தின் ஆழத்தே எண்ணெயுடன் இயற்கை வாயுவும் கலந்து கிடக்கும். எண்ணெய் மேலே வரும்போது அமுக்கம் குறைய, வாயு பிரிந்து வெளிப்படும். அதனைச் சேர்த்து அனுப்பக் குழாய்களும் பொறிகளும் வேண்டும், செலவு பெரிது. கொளுத்திவிடுவதோ எளிது. எண்ணெய்க்கு உடனே விலை கிடைத்தது. வாயுவை வாங்குவார் அருகில் இல்லை. ஆகவே கொளுத்தினர். இரவும் பகலும் ஆண்டுக்கணக்காகத் தீச்சுவாலைகள் எரிந்தன. காபனீரொட்சைட்டு வானேறியது. எரியாது தப்பும் மெதேனோ, வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அதனினும் வலியது.

இங்கே ஒன்றை நாம் ஊன்றி நோக்கல் வேண்டும். ஆலைப் புகைக்குப் பின்னே ஒரு முழத் துணியாவது எஞ்சும். அனல்மின் நிலையத்துப் புகைக்குப் பின்னே ஒரு விளக்காவது எரியும். இத்தீயின் பின்னே எஞ்சியது யாது? கழிமுகத்துப் பெண்கள் சிலர் அதன் வெப்பத்திலே மரவள்ளியை உலர்த்தினர். அதற்காக அந்த நச்சுக் காற்றையும் சுவாசித்தனர். ஊரின் வானம் செந்நிறமாய் ஒளிர, குடிசைக்குள்ளே மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இன்றும் அந்நாட்டில் 8 கோடிக்கும் அதிகமானோர் மின்சாரமின்றி வாழ்கின்றனர். வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான்.

சட்டம் இல்லாமலில்லை. அமைச்சரின் அனுமதியின்றி 1984 ஜனவரி 1ஆந் திகதிக்குப் பின் வாயுவை எரித்தலாகாது என 1979இலேயே சட்டம் இயற்றினர். விலக்குகளும் அற்பத் தண்டப்பணமும் அதனை வலுவிழக்கச் செய்தன. 1999 முதல் பொனித் தீவில் வாயுவைத் திரவமாக்கிக் கப்பலேற்றுகின்றனர், செல்வது பிறநாடுகளுக்கு. வாயு எரிப்பு மக்களின் உயிர்வாழும் உரிமைக்கு மாறானதென்று பெனின் நகரிலுள்ள சமஷ்டி மேல் நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. தீ அதன் பின்னரும் எரிந்தது. அண்மை ஆண்டுகளில் அது பெரிதும் குறைந்துள்ளதெனினும் முற்றாக அணையவில்லை.

வெளியிடும் காபனும் உறிஞ்சப்படும் காபனும் சமமாகும் நிலையை 2060க்குள் எய்துவதாக நைஜீரியா 2021இல் கிளாஸ்கோ மாநாட்டிலே உறுதி கூறியது. ஆளுக்கு ஆண்டொன்றில் 1 தொன் காபனீரொட்சைட்டையேனும் வெளியிடாத அம்மக்களுக்கு, 10 தொன்னுக்கு மேல் வெளியிடும் அமெரிக்கர் சிக்கனம் போதிப்பது நீதியன்று. அவர்களுக்கு வளர்ச்சி வேண்டும். அதற்குச் சிறிது புகையும் வேண்டியிருக்கலாம். ஆனால் எவர் வீட்டிலும் விளக்கேற்றாத புகையை வளர்ச்சியின் விலையென்று கணக்கெழுதுவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு நாட்டின் புகையை அளக்குமுன், அது யாருக்காக எழுந்தது என்று கேட்கப் பழகுவோமாக.