ஞாயிறு கிளம்புவோம் – 9
ராட்டினம் இல்லாத கோட்டை

செஞ்சிக்குப் போகலாம் என்றதும் பிள்ளைகள் கேட்பது, “அங்கே ராட்டினம் இருக்கா?” இல்லை. கீழ்க்கட்டளைக்காரர்களுக்கு அதற்கெல்லாம் ஈசிஆர் இருக்கிறது. செஞ்சியில் இருப்பது கோட்டை மட்டும்தான். பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

காரில் போகிறவர்கள் பல்லாவரத்தில் ஜிஎஸ்டி சாலையைப் பிடித்துத் திண்டிவனம் போய், மேற்கே திரும்பினால் சுமார் 28 கி.மீ. பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் திருவண்ணாமலை வண்டி. செஞ்சி வழியா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். இருட்டோடு கிளம்புவது நல்லது. பத்து மணிக்கு மேல் பாறை சுடத் தொடங்கிவிடும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். மூன்றையும் மதில் சுற்றி வளைத்திருக்கிறது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ராஜகிரியின் அடிவாரமே ஒரு நாளைக்குக் காணும். அடுக்கடுக்காக உயரும் கல்யாண மகால், குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம், வேங்கடரமணர் கோயில், ஓடித் திரியப் புல்வெளி.

சிவாஜி 1677இல் பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயத் தளபதி சுல்பிகர் கான் 1690இல் வந்து வளைத்தார். கோட்டை விழுந்தது 1698இல். “எட்டு வருஷம் உள்ளே என்ன சாப்பிட்டாங்க?” என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பதிலை வாயால் சொல்லாதீர்கள். தானியக் களஞ்சியத்துக்குள் கூட்டிப்போய் நிறுத்துங்கள். தண்ணீருக்குக் குளங்களைக் காட்டுங்கள்.

கொஞ்சம் வளர்ந்தவர்கள் ராஜகிரி உச்சிக்கே ஏறலாம். சுமார் 800 அடி உயரம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கிறது; கடக்க ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தப் பக்கமே நிற்க வேண்டியதுதான். பாலத்தின் மேல் நிற்கும் பையனுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேலே ஒரு பீரங்கியும் ரங்கநாதர் கோயிலும் உண்டு. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மடிந்த தேசிங்கு ராஜன் கதையை அங்கே உட்கார்ந்து சொல்லலாம். தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வையுங்கள். குரங்குகள் கேட்டு வாங்குவதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் கோட்டைத் தோட்டத்தில் 2,400 மரக்கன்றுகளை நட்டு ஒரு புதிர்ப்பாதையே அமைத்து, 1988இல் திறந்தார்கள். நம் ஊரில் அது நடக்காது. செஞ்சி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010ஆம் ஆண்டுத் திருத்தமும், பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்தைத் தடை செய்கின்றன. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும். இந்தக் கெடுபிடியால்தான் களஞ்சியம் களஞ்சியமாகவே நிற்கிறது, தின்பண்டக் கடையாகவில்லை.

2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகச் செஞ்சி உலக மரபுச் சின்னமானது. மற்றப் பதினொன்றும் மகாராஷ்டிரத்தில். இனிக் கூட்டம் கூடும். வசதி கேட்டு மனுக்களும் போகும். குடிநீர், கழிப்பறை, நிழல் ஆகியவற்றைத் தாராளமாகக் கேட்போம். கூடவே, பத்து வயதுப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும் தமிழில், அதன் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் பலகைகளும் வேண்டும். அவை வந்துவிட்டால் ராட்டினத்தைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள்.

(கிளம்புவோம்)