அந்தக் கையை வெட்டாதீங்க, சார்!

ஆபீசில் யாராவது புதிதாக அப்பா ஆகியிருந்தால் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்வீட் பாக்ஸ் ஒரே நாளில் காலியாகிவிடும். போட்டோ காட்டுவது மட்டும் ஓயாது. ‘‘சார், இதைப் பாருங்க... கொட்டாவி விடறான்! இதைப் பாருங்க... கொட்டாவி விட்டு முடிச்சுட்டான்!’’

செல்போனில் இந்த ரகத்தில் மூவாயிரம் படம் இருக்கும். ‘ஒரே ஒரு நல்ல படமாப் பார்த்து, பிரேம் போட்டு, ஹாலில் மாட்டுங்க’ என்று வீட்டில் உத்தரவு வரும்போதுதான் வினை ஆரம்பம். பின்னால் கொடியில் லுங்கி காய்கிறது... வெட்டு! இந்தப் பக்கம் பால் பாட்டில்... வெட்டு! ஓரத்தில் மாமியாரின் முழங்கை... சந்தடி சாக்கில் அதையும் வெட்டு! கடைசியில் மிஞ்சுவது இரண்டு கன்னமும் ஒரு மூக்கும். அதைக் கடைக்காரர் சுவர் அளவுக்குப் பெரிசு பண்ணித் தருவார். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, ‘‘யாரு... தாத்தாவா?’’ என்பார்கள்.

குழந்தை படத்தில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது? சின்ன விஷயம்தான். ஆனால் இருபது வருஷம் கழித்துப் பார்க்கும்போதுதான் எதை இழந்தோம் என்று தெரியும். இதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம் ஒன்று உண்டு. தேவகோட்டை!

சுவரெல்லாம் முகம்

தேவகோட்டையின் பெரிய வீடுகளில் முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். தூண்களுக்கு மேலே, உயரத்தில், வரிசையாகப் படங்கள். எல்லாம் கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, ‘வாங்க’ என்று நம்மைக் குனிந்து பார்ப்பது போல இருக்கும். இது வெறும் மரியாதைக்காக அல்ல. அவ்வளவு உயரத்தில் இருக்கும் படத்தைச் சாய்த்து மாட்டினால்தான் கீழே நிற்பவருக்கு முகம் நேராகத் தெரியும். கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசுவதும் குறையும்.

போட்டோவுக்கு இந்த ஊரில் இத்தனை மரியாதை ஏன்? நகரத்தார் கொண்டுவிக்கப் போனது பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும். அங்கே கடையைப் பார்த்துக்கொள்ளப் போகும் ஏஜெண்டுகளுக்குப் பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவர் திரும்பி வரும்போது அது வளவு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். வந்தவரைப் பார்த்து, ‘‘இது யாரு ஆத்தா?’’ என்று கேட்டால் பிள்ளை மேல் தப்பில்லை.

போட்டோ எடுக்கும் வசதி வந்த பிறகு, அந்த மூன்று வருஷத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைக்கு ‘அப்பச்சி’ என்றால் சுவரில் ஒரு படம். அந்தப் பக்கம் அப்பச்சிக்குப் பிள்ளை என்றால் தபால் உறைக்குள் வந்த ஓர் அட்டை.

அந்தக் காலத்து ஸ்டுடியோப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் தலை முதல் கால் வரை இருக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலியோ, பூ ஜாடி வைத்த ஸ்டூலோ. ‘இதெல்லாம் எதுக்கு இடைஞ்சலா?’ என்று நமக்குத் தோன்றும். கடல் தாண்டி இருக்கிறவருக்கு அந்த நாற்காலிதான் அளவுகோல்! போன படத்தில் நாற்காலியின் கைப்பிடிக்குக் கீழே இருந்த தலை, இந்தப் படத்தில் மேலே வந்துவிட்டது. பிள்ளை வளர்ந்திருக்கிறது. முகத்தை மட்டும் வெட்டி அனுப்பியிருந்தால் இது தெரியுமா?

போர்வைக்குள் அம்மா

வெட்டுகிற பழக்கம் நம் செல்போனோடு பிறந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு படம் எடுக்கப் பல வினாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். கைக்குழந்தை அசையாமல் இருக்குமா? அதனால் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, மேலே ஒரு துணியைப் போர்த்திவிட்டு, மடியில் குழந்தையை வைத்துப் படம் எடுத்தார்கள். அம்மா, நாற்காலி மாதிரி! பிறகு முட்டை வடிவத்தில் ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்தால் போர்வையும் மறைந்துவிடும். குழந்தை மட்டும் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், இன்று அந்தப் படங்களை ‘மறைந்திருக்கும் தாய்’ என்று பெயர் வைத்துத் தேடித் தேடிச் சேகரிக்கிறார்கள். அட்டையைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறார்கள். எல்லார் கண்ணும் போவது குழந்தையிடம் இல்லை... அந்தப் போர்வையிடம்தான். யார் பெற்ற மகளோ, முகம் தெரியாமலே போய்விட்டாள்.

நாமும் அதைத்தான் செய்கிறோம். இடுப்பைப் பிடித்திருக்கும் கை, வளையல், புடவைத் தலைப்பு... இதெல்லாம்தான் முதல் பலி. படம் எடுப்பது பெரும்பாலும் அப்பா. அவர் படத்தில் இல்லை. தாங்கிப் பிடித்திருப்பது அம்மா, அவளை வெட்டியாச்சு. குழந்தை வளர்ந்து ஆல்பத்தைப் புரட்டினால் தானே பிறந்து, தானே உட்கார்ந்து, தானே வளர்ந்த மாதிரி இருக்கும்!

தொப்பியும் கண்ணாடியும்

தேவகோட்டையில் பிறந்தவர் தமிழ்வாணன். அவரை நினைத்ததும் கண்ணில் வருவது என்ன? தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கண், மூக்கு, வாய் எதுவும் வரையாமல் அந்த இரண்டை மட்டும் வரைந்தாலே போதும், வாசகர்களுக்கு ஆள் யார் என்று தெரிந்துவிடும். இதைவிடக் கச்சிதமாக ஒரு முகத்தை வெட்ட முடியாது.

ஆனால் அவருக்கு அந்த அடையாளம் இருந்தது. உங்கள் எட்டு மாதப் பாப்பாவுக்கு? மன்னிக்கணும் சார், அந்த வயதில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்! சுற்றி இருப்பதுதான் அதன் அடையாளம். ஆயா வீட்டு ஆத்தங்குடித் தரை, தொட்டிலாகக் கட்டிய புடவை, பிடித்திருக்கும் கையின் வளையல். அதை வெட்டினால் மிச்சம் இருப்பது பேபி பவுடர் விளம்பரம்.

முகத்தை நெருங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சினிமாக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஏ.வி.எம்.மின் ‘நாம் இருவர்’ 1947-ல் வெளிவந்தது. காரைக்குடியில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு எடுத்த படம். அதில் குமாரி கமலாவின் நடனங்கள் பிரசித்தம். நடனத்துக்கு முகத்தை மட்டும் காட்டினால் காலில் சதங்கை கட்டியது வீண். கண் கலங்குவதைக் காட்ட முழு ஆளையும் காட்டினால் கண்ணீர் வீண். படம் எதற்காக என்று முடிவு செய்துவிட்டு வெட்டணும்.

பொக்கைவாய்ச் சிரிப்பா? நெருங்குங்கள். முதல் அடி எடுத்து வைக்கிறதா? பாதத்துக்குக் கீழே தரை தெரியட்டும். மொட்டை போடுவதற்கு முன்னால் பையனுக்கு ஜடை பின்னி, பூத் தைத்து, பாவாடை கட்டி எடுப்பார்களே, அந்தப் படமா? (சிரிக்காதீங்க. உங்க படமும் வீட்டில் எங்காவது பெட்டியில் இருக்கும்!) பின்னால் கண்ணாடியில் ஜடை தெரியாவிட்டால் அந்தப் படமே எதற்கு?

கத்தரிக்கு முன் கணக்கு

● பெரும்பாலான செல்போன் படங்கள் 4-க்கு 3 கணக்கு. 6-க்கு 4 அங்குலப் பிரிண்ட் என்பது 3-க்கு 2 கணக்கு. ஆகவே நீங்கள் தொடாவிட்டாலும் மெஷின் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டிவிடும். நிற்கிற வாக்கில் எடுத்த படத்தில் தோள்பட்டை போகும். எடுக்கும்போதே சுற்றிலும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

● வெட்டத்தான் வேண்டுமென்றால் மூட்டில் வெட்டாதீர்கள். மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஆகாது. குழந்தை இடது பக்கம் பார்த்தால் இடது பக்கம் இடம் விடுங்கள். சுவரில் முட்டிக்கொள்கிற மாதிரி இருக்கக் கூடாது.

● நின்றுகொண்டு எடுத்தால் தலை பெரிசு, கால் சிறுசு. தரையில் உட்காருங்கள். (தொப்பை இடித்தால் படுத்துக்கொள்ளுங்கள்.) முகத்துக்கு வெகு பக்கத்தில் போனைக் கொண்டுபோனால் மூக்கு புடைக்கும். இரண்டடி பின்னால் வந்து எடுங்கள்.

● 4000-க்கு 3000 புள்ளி உள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடித்தால் சுமார் 13-க்கு 10 அங்குலம் தெளிவாக வரும். அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் சுமார் ஆறரைக்கு 5 அங்குலம்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் இன்னும் சுருங்கும். கடைக்காரருக்கு டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

● முகத்தை ‘அழகாக்கும்’ ஆப் ஜாக்கிரதை. அப்பத்தா பார்த்துப் பார்த்து வைத்த திருஷ்டிப் பொட்டை மறு என்று நினைத்துத் துடைத்துவிடும்!

எல்லாவற்றையும்விட முக்கியம் இது: வெட்டுவது நகலாக இருக்கட்டும். அசல் அப்படியே இருக்கட்டும்.

கண்ணாடிக்குள் போன பிறகு

பிரேம் கடையில் ‘லேமினேஷன் போட்டுடலாமா சார்?’ என்று கேட்பார்கள். வேறு பிரதி இருந்தால் தாராளமாகப் போடுங்கள். இருப்பதே ஒரு படம் என்றால் வேண்டாம். பலகையில் ஒட்டியது ஒட்டியதுதான், பிரிக்க முடியாது. கண்ணாடி பிரேம் என்றால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஈரம் கோத்து, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஆபீஸ் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் குழந்தை படம் வைத்து, மேலே டீ கொட்டியவர்களுக்கு இது தெரியும். எடுக்கப் போனால் பாதி முகம் கண்ணாடியோடு வரும்.

நேர் வெயில் படும் சுவர் வேண்டாம், கலர் வெளுக்கும். குழந்தை படம் ஒன்றாவது அதன் கண் உயரத்தில் இருக்கட்டும். தன்னைத் தானே பார்த்துக்கொள்ள அதற்கும் ஆசை இருக்காதா? இன்னொன்று... ஆசையில் சந்தனம், குங்குமம், பூமாலை, சீரியல் பல்பு என்று போட்டுவிடாதீர்கள். விருந்தாளி பதறிப் போவார்!

பேர் இல்லாத முகங்கள்

தேவகோட்டையிலிருந்து காரைக்குடி பக்கம்தான். அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பங்கு பிரித்த வீடு, இடித்த வீட்டுச் சாமான்கள் எல்லாம் வந்து சேரும் இடம். பழைய பிரேம்களுக்கு நல்ல கிராக்கி. வாங்குகிறவருக்கு வேண்டியது தேக்குச் சட்டம். உள்ளே இருக்கும் முகம் யார் என்பது அவருக்குத் தேவையில்லை. ஒரு காலத்தில் யாரோ ஒரு வீட்டின் செல்லப் பிள்ளை. திருப்பிப் பார்த்தால் பின் அட்டையில் ஒரு எழுத்து இல்லை.

தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களை புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு டிஜிட்டல் பிரதி எடுத்துப் பாதுகாத்தது. நல்ல காரியம். ஆனால் எந்த நிறுவனம் வந்தாலும், படத்தில் இருப்பது யார் என்று வீட்டுக்காரர்தானே சொல்ல வேண்டும்? அவருக்கே தெரியாவிட்டால்?

ஆகவே மாட்டுவதற்கு முன்னால் இரண்டு நிமிஷம் செலவழியுங்கள். இப்போதைய வழவழப்பான போட்டோ தாளில் பென்சில் ஏறாது. பால்பாயிண்ட் அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். பிரேமின் பின் அட்டையில் எழுதுங்கள். பேர், தேதி, இடம். அதோடு, வெட்டாமல் விட்டீர்களே, அதைப் பற்றியும் ஒரு வரி:

‘எட்டாம் மாசம். தேவகோட்டை, ஆயா வீட்டு முகப்பு. பிடித்திருப்பது அம்மாவின் கை.’