குட்டிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் குறி

சீனாவின் தாய்ஹு ஏரிப் பகுதியில் மெய்ஷான் என்றொரு பன்றி இனம் உண்டு. சுருக்கம் விழுந்த முகம், தொங்கும் காதுகள், கொழுப்பு மிகுந்த உடல். பார்க்க அழகில்லைதான். ஆனால் ஓர் ஈற்றில் இது ஈனும் குட்டிகள் 14, 15 வரை இருக்கும். 1980களில் ஐரோப்பாவின் வெள்ளை யார்க்ஷயர் இனம் ஈன்றதைவிட இது மூன்று, நான்கு குட்டிகள் அதிகம். எனவே 1979இல் பிரான்சுக்கும், 1989இல் அமெரிக்காவுக்கும் மெய்ஷான் பன்றிகளைக் கொண்டுசென்றனர். கொழுப்பு வேண்டாம், குட்டி ஈனும் திறன் மட்டும் வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம்.

இதில் என்ன கடினம்?

பன்றியின் நிறத்தைக் கண்ணால் காணலாம். எடையைத் தராசில் அறியலாம். குட்டி ஈனும் திறனை எப்படி அறிவது? பெண்பன்றி வளர்ந்து, 114 நாள் சினை சுமந்து, தலையீற்று முடியும்வரை காத்திருக்கவேண்டும். ஆண்பன்றியோ ஈனுவதே இல்லை! ஆயினும் தன் மகள்களுக்கு அத்திறனை அதுவும் வழங்குகிறது. மேலும், ஈற்றுக்கு ஈற்று காணும் வேறுபாட்டில் பரம்பரையின் பங்கு ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான். மற்றவை தீவனம், வயது, நோய், பராமரிப்பு ஆகியவற்றால் வருபவை.

மரபுக்குறி

சலவைக்குப் போட்ட துணியின் ஓரத்தில் மையால் இட்ட சிறு குறியைப் பார்த்திருப்பீர்கள். துணியின் தரத்தை அக்குறி உண்டாக்குவதில்லை. ஆனால் அது எந்த வீட்டுத் துணி என்று சொல்லிவிடும். மரபுக்குறியும் அப்படித்தான். பன்றியின் உயிரணுவில் 19 இணை குரோமோசோம்கள் உள்ளன. ஒரே குரோமோசோமில் அருகருகே உள்ள பகுதிகள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்லும். ஆகவே, நாம் தேடும் ஜீனுக்கு அருகில் எளிதில் அறியக்கூடிய ஒரு வேறுபாடு இருந்தால் போதும். பிறந்த குட்டியின் ஒரு துளி இரத்தத்திலேயே அதைச் சோதித்துவிடலாம். ஆண், பெண் என்ற தடையும் இல்லை.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாக்ஸ் ராத்சைல்டும் குழுவினரும் 1996இல் அத்தகைய குறி ஒன்றை வெளியிட்டனர். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதத்துக்கான ஜீனில் அது இருந்தது. பாதி மெய்ஷான் கலப்புள்ள பன்றிகளை ஒப்பிட்டனர். நல்ல குறியைத் தாய், தந்தை இரு வழியிலும் பெற்றவை, அதை அறவே பெறாதவற்றைவிடத் தலையீற்றில் சராசரியாக 2.3 குட்டிகள் அதிகம் ஈன்றன.

குறி பொய்க்குமா?

பின்னர் வேறு சில மந்தைகளில் சோதித்தபோது இந்தப் பயன் தென்படவில்லை. ஏன்? குறி வேறு, காரணம் வேறு. தலைமுறைகள் செல்லச்செல்ல இரண்டும் பிரிந்துவிடலாம். அத்துடன், குட்டிகளின் எண்ணிக்கையை ஒரு ஜீன் அன்று, பல ஜீன்கள் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எனவே ஒரு குறியை நம்பாமல், பல்லாயிரம் குறிகளை ஒருங்கே கணக்கிடும் முறை வந்தது. 60,000க்கும் மேற்பட்ட குறிகளை ஒரே தடவையில் படிக்கும் சில்லு 2009இல் உருவாயிற்று.

இன்னொரு கேள்வியும் உண்டு. தாய்ப்பன்றிக்கு இருப்பவை பெரும்பாலும் 12 முதல் 16 காம்புகளே. பிறந்த சில நாட்களில் ஒவ்வொரு குட்டியும் தனக்கென ஒரு காம்பைப் பிடித்துக்கொள்ளும். இருபது குட்டிகள் பிறந்தால்? எடை குறைந்த குட்டிகள் பாலின்றி மடியும். இதனால் டென்மார்க்கின் பன்றி வளர்ப்பாளர்கள் 2004இல் தம் கணக்கையே மாற்றினர். பிறந்த குட்டிகளை எண்ணுவதை விட்டு, ஐந்தாம் நாளில் உயிருடன் இருக்கும் குட்டிகளை எண்ணத் தொடங்கினர்.

எதைத் தேடவேண்டும் என்பதைக் குறி சொல்லாது. அதை முடிவுசெய்பவர் மனிதரே.