மூலம்தான் என்று யார் சொன்னது?

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குப் போகிறவர்கள், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குமுன் கடக்கும் ஊர் கல்லாறு. இந்த ஊர்க் காட்டுக்குள் வாழும் லட்சுமிக்குட்டிக்கு நாட்டு வைத்தியத்துக்காக 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விஷக்கடிக்கு வைத்தியம் தேடி அவர் குடிசைக்கு ஓடிவருகிறவர்கள் ஏராளம். கடித்த தடம் கண்ணுக்குத் தெரியும். வலி ஆளை விரட்டும்.

பெருங்குடல் புற்றுநோய் அப்படி விரட்டுவதில்லை.

குடலின் உட்சுவரில் மொட்டுக் காளான் போல ஒரு சதை முளைக்கும். ‘பாலிப்’ என்பார்கள் மருத்துவர்கள். பெரும்பாலானவை அப்படியே இருந்துவிடும். சில மட்டும் ஏறக்குறைய பத்தாண்டுகளில் மெல்ல மெல்லப் புற்றாக மாறும். அத்தனை காலமும் பெரும்பாலும் வலி கிடையாது. கசிகிற ரத்தமும் மலத்தோடு கலந்து கண்ணில் படாமல் போய்விடும். கண்ணில் பட்ட பிறகும் நம் வீடுகளில் வரும் முதல் பேச்சு, “சூடு... மூலமா இருக்கும்” என்பதுதான். மோரும் கருணைக்கிழங்குமாக மாதங்கள் ஓடும். மறைவிடத்துச் சங்கதி என்பதால் பெண்கள் இன்னும் தாமதிக்கிறார்கள்.

அந்தப் பத்தாண்டு அவகாசத்தைப் பயன்படுத்திக்கொள்வதுதான் ஸ்கிரீனிங். ‘ஃபிட்’ என்ற மலப் பரிசோதனை மிக எளியது. விரல் நீளக் குழாய், அதன் மூடியோடு ஒட்டிய குச்சி. குச்சியின் நுனியில் நுண்ணிய வரிப்பள்ளங்கள். மலத்தின் மேல் நாலைந்து இடங்களில் அதைத் தேய்த்து, குழாய்க்குள் செருகி, இறுக மூடிக் கொடுத்தால் போதும். மனித ரத்தம் துளி இருந்தாலும் ஆய்வகம் கண்டுபிடித்துவிடும். பத்தியம் வேண்டாம், ஊசி வேண்டாம். ரத்தம் இருப்பதாக வந்தால் புற்று என்று பொருளல்ல. அடுத்து, கேமரா பொருத்திய குழாயால் குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்றே பொருள். அப்போது பாலிப் தென்பட்டால், கம்பிச் சுருக்குப் போட்டு அங்கேயே அறுத்தெடுத்து விடலாம். வரவிருந்த நோய் வராமலே போகிறது!

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் சுமார் 46,000 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. ஆண்டுதோறும் மலத்தில் ரத்தம் பார்த்தவர்களிடையே இந்தப் புற்றுநோயால் நேர்ந்த மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதுவும் ‘ஃபிட்’டைவிடக் கூர்மை குறைந்த பழைய சோதனையில்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய் தேடினால் உயிர் பிழைக்கும் என்று உலகுக்கு நிரூபித்ததே திருவனந்தபுரம் மாவட்டம்தான். 1996-இல் தொடங்கி இங்குள்ள 13 பஞ்சாயத்துகளில் நடந்த வாய்ப்புற்று ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்ததாக 2005-இல் ‘லான்செட்’ இதழ் வெளியிட்டது. அதை முன்னின்று நடத்திய டாக்டர் ஆர். சங்கரநாராயணன், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்திலிருந்து (ஆர்.சி.சி.) பிரான்ஸிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர். அந்த முகமையின் துணையோடு தாய்லாந்தின் லம்பாங் மாகாணத்தில் 2011-இல் ‘ஃபிட்’ திட்டம் தொடங்கியது. 50 முதல் 65 வயதுக்குட்பட்ட சுமார் 1,27,000 பேரை அழைத்தார்கள். 63 சதவீதம் பேர் மலம் கொடுத்தார்கள். கூச்சம் தடையாகவில்லை. கொலோனோஸ்கோபி வரை போகவேண்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான். ‘அத்தனை பேருக்குக் கருவிக்கும் டாக்டருக்கும் எங்கே போவது’ என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இந்திய அரசு 2016-இல் வகுத்த நெறிமுறையோ 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுகளைத்தான் தேடச் சொல்கிறது. குடல் அதில் இல்லை. லம்பாங்கில் முடிந்தது கல்லாற்றில் முடியாதா? ஆஷா ஊழியர் நடந்து போகாத வீடு கேரளத்தில் ஏது? அவர் பையில் அந்தக் குழாயும் இருக்க வேண்டும்.

அரசுத் திட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அமெரிக்க வல்லுநர் குழு 2021-இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்துவிட்டது. 45 கடந்தவர்கள் அடுத்த முறை சர்க்கரை பார்க்கப் போகும்போது டாக்டரிடம் ‘ஃபிட்’ பற்றிக் கேளுங்கள். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர் யாருக்காவது குடல் புற்று வந்திருந்தால் அதற்கும் முன்பே கேளுங்கள். மலத்தில் ரத்தம் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரிகிறவர்களுக்கு ‘ஃபிட்’ போதாது. நேராக டாக்டரிடம் போங்கள். மூலமா இல்லையா என்பதை அவர் சொல்லட்டும்.