குடிநோயும் நண்பர் கடனும்

விழா மலர்களில் மகிழ்ச்சிக்குரியவற்றை எழுதுதலே மரபு. கல்வி புகட்டிய ஆசான்மாரின் நினைவும், மைதானத்திலே பெற்ற வெற்றிகளும், விடுதிச்சாலை அனுபவங்களும் நிறைந்து விளங்கவேண்டிய இம்மலரிலே குடியைப்பற்றி எழுதப் புகுந்தது ஏன் என அன்பர் சிலர் வினவுதல் கூடும். யாம் இழைத்த தவறு ஒன்றே அதற்குக் காரணம். அதனை முதலிற் கூறிவிடுகின்றோம்.

எம்மோடு ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவர் கணிதத்திலே வல்லவர். உத்தியோகத்திலும் நற்பெயர் எடுத்தவர். நாற்பது வயதளவில் அவருடைய குடி அளவு கடந்தது. தோழராகிய யாம் அதனைப் பல ஆண்டுகள் கண்டும் காணாதிருந்தோம். ஈற்றில் அவர்தம் மனைவியார் எம்மிடம் வந்து கண்ணீர் விட்டபோதுதான் விழித்துக்கொண்டோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை மூவராய்க் கூடி அவரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றோம். கற்பூரச் சுடரின் முன்னே "இனித் தொடேன்" எனச் சத்தியஞ் செய்வித்து, பெரியதொரு கருமத்தை முடித்தோம் என்ற திருப்தியுடன் வீடு திரும்பினோம்.

நண்பர் சொன்ன சொல்லைக் காத்தார். சனிக்கிழமை இரவு அவருக்கு வலிப்புக் கண்டது. களைப்பினால் வந்தது எனக் கருதி வீட்டிலேயே வைத்திருந்தனர். ஞாயிறு இரவு சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாகக் கூறிப் பதறினார். பெற்ற பிள்ளைகளையும் அடையாளங் காணவில்லை. வைத்தியசாலையிற் சேர்த்தபோது வைத்தியர் கேட்ட முதற் கேள்வி, "குடியை ஒரே நாளில் நிறுத்தும்படி இவருக்குச் சொன்னவர் யார்?" என்பது. யாம் தலைகுனிந்து நின்றோம். நல்லெண்ணம் இருந்தது, அறிவு இருக்கவில்லை. அவ்வறிவை ஏனையோருக்கும் பகிர்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குற்றமா, நோயா?

குடியின் தீமையை எம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை வகுத்தார். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், 1904ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும், மதுவிலக்கு இயக்கம் இலங்கையில் வீறுகொண்டெழுந்தது. ஒழுக்க நெறியில் நின்று குடியைக் கடிதல் எமக்குப் புதியதன்று.

ஆயினும், கடிதற்குரிய பழக்கம் ஒன்று, ஒரு நிலைக்கு அப்பால், மருந்துக்குரிய நோயாக மாறுகின்றது என்பதையும் நாம் உணரவேண்டும். 1849இல் மக்னஸ் ஹுஸ் என்னும் சுவீடன் நாட்டு வைத்தியர், நெடுநாட் குடியினால் உடலிலும் உள்ளத்திலும் விளையும் கேடுகளை ஆராய்ந்து, அவற்றை ஒரு நோயாகப் பெயரிட்டு வழங்கினார். 1956இல் அமெரிக்க வைத்தியச் சங்கம் குடிநோயாளரை ஏனைய நோயாளரைப் போன்றே வைத்தியசாலைகள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என அறிவித்தது. 1976இல் கிரிபித் எட்வேட்ஸ், மில்ரன் குரோஸ் என்னும் அறிஞர் இருவர் மதுசாரத்துக்கு அடிமைப்பட்ட நிலையின் குறிகளைத் தொகுத்து விளக்கினர். இன்று வைத்தியர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்கள் பெரும்பாலும் அவ்விளக்கத்தைத் தழுவியவை.

நோய் என்றதனால் நோயாளியின் பொறுப்பு நீங்கிவிட்டது எனக் கொள்ளற்க. நீரிழிவு உள்ளவன் தன் உணவைக் காத்தல் எவ்வாறு அவனது கடனோ, இதுவும் அவ்வாறே. ஆனால், நீரிழிவு உள்ளவனைச் சத்தியஞ் செய்வித்தே குணப்படுத்த எவரும் முற்படுவதில்லை.

நோயின் குறிகள்

வீதியோரத்தில் விழுந்து கிடப்பவனே குடிநோயாளி என எண்ணுதல் பெரும் பிழை. நாள்தோறும் துவைத்த வேட்டியுடனும், பிழையற்ற கணக்குப் புத்தகத்துடனும் இந்நோயை மறைத்து வாழ்வோர் பலர். அருந்துவது தவறணைக் கள்ளா, விலையுயர்ந்த விஸ்கியா என்பதும் பொருளன்று. கள்ளிலும் சாராயத்திலும் விஸ்கியிலும் உள்ளது ஒரே மதுசாரமே.

முதலாவது குறி, கடிவாளம் கைநழுவுதல். "ஒன்றுடன் நிறுத்துவேன்" எனத் தொடங்கியவர் போத்தல் முடியும்வரை நிறுத்தமாட்டார். பலமுறை விட முயன்று பலமுறை தோற்றிருப்பார்.

இரண்டாவது குறி, தாங்கும் ஆற்றல் பெருகுதல். "அவன் எவ்வளவு குடித்தாலும் ஆடமாட்டான்" என நண்பர் கூட்டத்திலே புகழ்ந்துரைப்பதைக் கேட்டிருக்கின்றோம். யாமும் அவ்வாறு புகழ்ந்ததுண்டு. அது வீரமன்று. முன்பு சிறிதளவாற் பெற்ற மயக்கத்தைப் பெறுதற்கு இப்பொழுது பெருமளவு வேண்டியிருக்கின்றது என்பதே அதன் பொருள். மூளை நஞ்சுக்குப் பழகிவிட்டது.

மூன்றாவது குறி, குடியாத வேளையிலே உடல் வருந்துதல். காலையில் கை நடுங்கும், வியர்க்கும், குமட்டும், நித்திரை வாராது, மனம் காரணமின்றிப் பதறும். சிறிது குடித்தவுடன் இவை அடங்கும். இன்பத்துக்காகக் குடித்த காலம் போய், துன்பம் தீரக் குடிக்கும் காலம் வந்துவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று இல்லை.

நான்காவது குறி, வாழ்க்கை சுருங்குதல். கோயில், வாசிப்பு, பிள்ளைகளின் படிப்பு, உறவினர் வீட்டு நன்மை தீமை எல்லாம் ஒவ்வொன்றாய்ப் பின்தள்ளப்பட, குடிக்கும் வேளையே அன்றைய நாளின் மையமாகும். ஈரல் கெட்டது என வைத்தியர் கூறிய பின்னும், வீட்டில் அமைதி குலைந்த பின்னும் குடி தொடர்வது ஐந்தாவது குறி.

தம்மைத் தாமே சோதிக்க விரும்புவோருக்கு, ஜோன் ஈவிங் என்னும் அமெரிக்க வைத்தியர் அமைத்து 1984இல் விளக்கிய நான்கு வினாக்கள் பயன்படும். குடியைக் குறைக்கவேண்டும் என நீர் எண்ணியதுண்டா? உமது குடியைப் பிறர் குறைகூறியமை உமக்கு எரிச்சலூட்டியதுண்டா? குடித்தமைக்காக உள்ளத்தில் குற்றவுணர்ச்சி எழுந்ததுண்டா? நடுக்கந் தீரக் காலை எழுந்தவுடன் குடித்ததுண்டா? இவற்றுள் இரண்டுக்கேனும் "ஆம்" என விடையிறுப்பவர் வைத்தியரை நாடுதல் வேண்டும். இவ்வினாக்கள் முடிவான தீர்ப்பல்ல. கதவைத் தட்டும் ஒலி மாத்திரமே.

திடீரென நிறுத்துவதன் ஆபத்து

எமது தோட்டக் கிணறுகளின் துலாவை நினைவிற் கொள்க. நீர் நிறைந்த பட்டை ஒருபுறம் கீழ்நோக்கி இழுக்க, மறுபுறத்துப் பாரம் அதற்கு ஈடாக நிற்கின்றது. கயிறு திடீரென அறுந்தால் துலா மேலே எகிறும். அருகில் நிற்பவனுக்கு ஆபத்து. மதுசாரம் மூளையின் எழுச்சியை நாள்தோறும் கீழே அமுக்குகின்றது. மூளையோ தன் எழுச்சியைக் கூட்டி அதனை ஈடுசெய்கின்றது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இவ்வாறு பழகியபின் மதுசாரத்தை ஒரேயடியாக நீக்கினால், அடக்குவாரற்ற எழுச்சி உடலெங்கும் பாய்கின்றது.

கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் அளவிலே சிலருக்குச் சன்னி காணும். இல்லாதன கண்ணுக்குத் தோன்றும். இடமும் காலமும் மறக்கும். காய்ச்சலும் நாடித் துடிப்பும் ஏறும். சிகிச்சையின்றி விட்டால் இச்சன்னி உயிரையும் போக்கும். எல்லோருக்கும் இவ்வாறு நேர்வதில்லை. ஆனால், நாள்தோறும் பெருமளவு குடிப்பவர், காலையில் நடுக்கம் உள்ளவர், முன்னர் வலிப்புக் கண்டவர் ஆகியோர் வைத்தியரின் துணையின்றித் திடீரென நிறுத்தலாகாது. அறையிற் பூட்டிவைத்துத் "தெளிய" விடுதல் கொடிய அறியாமை.

சிகிச்சை முறைகள்

எமது நண்பருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையை அருகிலிருந்து கண்டோம். மூளையின் எழுச்சியைத் தணிக்கும் மருந்தை முதலிலே போதிய அளவிற் கொடுத்து, பின் ஒரு வார காலத்திற் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினர். தயமின் என்னும் விற்றமின் பி1ஐ ஊசிமூலம் ஏற்றினர். நெடுநாட் குடிப்பவர் உடலில் இவ்விற்றமின் வற்றிவிடுமெனவும், அக்குறையினால் பார்வை தடுமாறி, நடை தளர்ந்து, நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாமெனவும் வைத்தியர் விளக்கினார்.

உடல் தெளிதல் சிகிச்சையின் முதற்படி, முடிவன்று. மீண்டும் குடியாதிருத்தற்குத் துணைபுரியும் மருந்துகள் உண்டு. நல்ற்றெக்சோன், அக்கம்பிறோசேற் என்பன குடிக்கும் வேட்கையைத் தணிக்க உதவுவன. 1948இல் டென்மார்க் நாட்டு ஆராய்ச்சியாளர் அறிமுகப்படுத்திய டைசல்பிராம் வேறு வகையினது. அதனை உட்கொண்டவர் மது அருந்தினால் முகஞ் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுப்பார். இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழவுங்கூடும். இதனை நோயாளிக்குத் தெரியாமற் கறியிலும் தேநீரிலும் கலந்து கொடுப்போர் உளர். அன்பினாற் செய்யினும் அது உயிருடன் விளையாடுதலாகும். நோயாளியின் சம்மதமும் வைத்தியரின் மேற்பார்வையும் இன்றி இம்மருந்தைத் தொடவே கூடாது.

மருந்துடன் உளவளத்துணையும் வேண்டும். எந்த வேளையில், எவருடன், எந்த மனநிலையிற் குடிக்கும் எண்ணம் எழுகின்றது என ஆராய்ந்து அதற்கு மாற்றுவழி தேடுதல் அதன் பகுதியாகும். 1935இல் அமெரிக்காவிலே குடியிலிருந்து மீண்ட இருவர் தொடங்கிய பெயர் வெளியிடாக் குடிநோயாளர் சங்கம் இன்று உலகெங்கும் பரவி, இலங்கையிலும் கூட்டங்களை நடத்துகின்றது. சிலர் ஒருமுறை, இருமுறை வழுவி மீண்டும் எழுவர். வழுவுதல் தோல்வியன்று, சிகிச்சையை மீளத் தொடங்கவேண்டும் என்னும் அறிவிப்பே.

உதவி தேடி நெடுந்தூரம் அலையவேண்டியதில்லை. அரசாங்க வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். வடபகுதியார் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நன்கறிவர். அங்கொடையிலுள்ள தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் ஆலோசனைக்கென அமைந்தது. வலிப்போ சன்னியோ கண்டால் ஆலோசனைக்குக் காத்திராது, உடனே அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க.

குடும்பத்தாரும் நண்பரும்

குடித்திருப்பவனுடன் வாதிடுதல் வீண். வள்ளுவரும் அவ்வதிகாரத்திலேயே இதனை உணர்த்தியுள்ளார். தெளிந்த காலைப்பொழுதில், பழித்துரையாது, கண்டதைக் கண்டவாறு கூறுக. அவனுக்காகக் கந்தோருக்குப் பொய்க்காரணம் எழுதுதலும், அவன் கடனைத் தீர்த்தலும் நோய்க்கு நிழல் கொடுப்பனவாம். "வைத்தியரிடம் போ" என்பதிலும் "வா, நானும் வருகின்றேன்" என்பது பன்மடங்கு பயனுடையது.

மாணவத் தம்பிமாருக்கும் ஒரு சொல். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி இருபத்தொரு வயது நிரம்பாதோருக்கு மதுசாரம் விற்றல் குற்றம். அவ்விதி வெறுங் கட்டுப்பாடன்று. இளவயதிற் குடிக்கத் தொடங்குவோர் பின்னாளில் அடிமைப்படும் வாய்ப்பு மிகுதி. தந்தையோ பாட்டனோ இந்நோயால் வருந்தியிருப்பின் உமக்கு அபாயம் இன்னும் அதிகம். பரம்பரைக்கும் இதிற் பெரும்பங்கு உண்டு.

எமது நண்பர் பிழைத்தார். இருமுறை வழுவியும் மீண்டார். அவர் நலமடைந்தபின் வகுப்புத் தோழர் கூடிய முதல் விருந்திலே, பழக்கத்தினால் எம்முள் ஒருவர் அவர் முன்னும் ஒரு கிண்ணத்தை வைத்தார். அவர் ஒன்றும் பேசாது அதனைக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து எமது வகுப்பார் கூடும் இடத்திலே மது பரிமாறப்படுவதில்லை. இதனால் கூட்டம் குறையவில்லை. முன்னர் வாராதிருந்த சிலர் இப்பொழுது குடும்பத்துடன் வருகின்றனர்.

ஒரே மண்டபத்தில் தேவாரம் ஓதி வளர்ந்த நாம், ஒருவன் வழி தவறும்போது முகந்திருப்பிக்கொள்ளுதல் தகாது. உம் வகுப்பிலே கூட்டங்களுக்கு வாராதொழிந்தவர் எவரேனும் இருப்பின், இவ்விழாக் காலத்திலேயே அவர் வீட்டுக்குச் சென்று வாரும். தேவைப்படின் வைத்தியசாலைவரை உடன் செல்லும். இறைவன் திருவருள் துணைநிற்பதாக.