இணையக் கடையின் முன்வாசல்

மருதமுனை என்றதும் பலருக்கும் கைத்தறிதான் நினைவுக்கு வரும். எங்கள் சாச்சியின் வீட்டிலும் ஒரு தறி இருக்கிறது. அவர் நெய்யும் சாறன்களை இதுவரை கடைக்காரர்களே வாங்கி வந்தார்கள். சென்ற வருடம் நூலின் விலை ஏறியது. கடைக்காரர்கள் கொடுக்கும் விலை ஏறவில்லை. நெய்து முடித்த 40 சாறன்கள் அலுமாரியில் தேங்கின.

“நீ ஏ.எல்.லுக்கு ஐ.சி.ரி. படிக்கிறதானே மகள், எனக்கும் ஒரு வெப்சைட் செஞ்சு தாவன். அதுவும் சரிவரல்லெண்டா தறிய நிப்பாட்டத்தான் வேணும்” என்றார் சாச்சி.

நான் உற்சாகமாக வேலையைத் தொடங்கினேன். கறுப்புப் பின்னணி, மின்னும் எழுத்துகள், மாறி மாறி ஓடும் ஐந்து படங்கள், நடுவில் “அன்புடன் வரவேற்கிறோம்”. தோழிகள் எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் இரண்டு மாதங்களாகியும் ஓர் ஓடர்கூட வரவில்லை.

எங்கள் ஆசிரியை ஒரு வழி சொன்னார்: “அந்தப் பக்கத்தை முன்பு பார்க்காத ஒருவரிடம் போனைக் கொடு. அருகில் இருந்து பார். வாய் திறக்காதே.”

பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்து, “ஒரு சாறன் வாங்குங்க மாமி” என்றேன். படங்கள் வரும்வரை காத்திருந்தார். “கலியாணக் காட் மாதிரி இரிக்கி” என்றார். பிறகு, “விலை எங்க மகள் இரிக்கி?” என்று தேடினார். விலை அறியத் தொடர்பு கொள்ளும்படி எழுதியிருந்தேன். தொலைபேசி இலக்கமோ அடியில், மங்கிய சாம்பல் நிறத்தில் கிடந்தது. மாமி போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

இணையத்தளங்களின் பயன்பாட்டை ஆராய்ந்த ஜேக்கப் நீல்சன், 5 பேரைக் கொண்டு இப்படிப் பரிசோதித்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். நானும் ஐந்து பேரிடம் பரிசோதித்தேன். முகப்புப் பக்கத்துக்கு வரும் புதியவர் நான்கு கேள்விகளோடுதான் வருகிறார் என்பது அப்போது விளங்கியது.

முதலாவது, இங்கே என்ன விற்கிறார்கள்? இதற்கான பதில், கீழே தள்ளிப் பார்க்கும் முன்பே திரையில் தெரிய வேண்டும். வரவேற்பு வாசகத்தை எடுத்துவிட்டு, “மருதமுனைக் கைத்தறிச் சாறன்கள்: தறியிலிருந்து நேரே உங்கள் வீட்டுக்கு” என்று எழுதினேன். கீழே, பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரே ஒரு படம்.

இரண்டாவது, என்ன விலை? கேட்கக் கூச்சப்பட்டே பலர் திரும்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் விலை, நீளம், அனுப்பும் செலவு மூன்றையும் போட்டேன்.

மூன்றாவது, இவர்களை நம்பலாமா? சாச்சி தன் முகத்தைப் போட விரும்பவில்லை. தறியில் அவருடைய கைகள் மட்டும் தெரியும் படமே போதுமாக இருந்தது. முதல் இரண்டு தடவை கழுவும்போது சிறிது சாயம் போகும் என்பதையும் எழுதச் சொன்னார். “வாங்கின பிறகு ஏசுறத விட, வாங்க முந்தித் தெரிஞ்சிக்கட்டும்” என்றார்.

நான்காவது, எப்படி வாங்குவது? பல பொத்தான்கள் இருந்தால் குழப்பமே மிஞ்சும். ஒரே ஒரு வட்ஸ்அப் பொத்தானைப் பளிச்சென்று வைத்தேன். கட்டாரிலும் சவூதியிலும் இருப்பவர்கள் அழைக்க வசதியாக, இலக்கத்தை +94 என்று தொடங்கினேன். வீட்டு இலக்கத்தையும் முகவரியையும் போடவில்லை. வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்கள் இதற்கென ஒரு தனி சிம் வைத்திருப்பது பாதுகாப்பானது.

கண்ணுக்குத் தெரியாத தவறுகளும் இருந்தன. போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 மெகாபைற். ஐந்து படங்களுக்கு 20 மெகாபைற்! டேட்டா குறைவாக உள்ளவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? ஒவ்வொன்றையும் 200 கிலோபைற்றுக்குள் சுருக்கினேன். போனின் சிறு திரையில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

தமிழ் எழுத்தையும் கவனிக்க வேண்டும். நம்மில் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகியவர்கள். பாமினியில் எழுதியதைக் கணினி ஆங்கில எழுத்துகளாகவே சேமிக்கும். அந்த எழுத்துரு இல்லாத போனில் அது வெறும் கிறுக்கலாகத் தெரியும். கூகுளில் “கைத்தறிச் சாறன்” என்று தேடுபவருக்கும் அது அகப்படாது. எனவே யுனிகோட்டிலேயே எழுத வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இரண்டிரண்டு வரிகள் சேர்த்தேன்.

பக்கத்தை மாற்றி மூன்றாம் வாரம், குருநாகலிலிருந்து சிங்களத்தில் ஒரு செய்தி வந்தது: இரண்டு நீலச் சாறன்கள் வேண்டுமாம். சாச்சி அந்தச் செய்தியை என்னிடம் மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். நூலின் விலை இன்னும் இறங்கவில்லை. ஆனால் அலுமாரியில் இப்போது 11 சாறன்களே இருக்கின்றன. தறியும் நிற்கவில்லை.

உங்கள் வீட்டிலும் உம்மாவோ ராத்தாவோ தையலோ பலகாரமோ செய்து விற்கலாம். அவர்களுக்கு ஒரு பக்கம் செய்து கொடுங்கள். பிறகு பக்கத்து வீட்டு மாமியிடம் போனைக் கொடுத்துவிட்டு, வாய் திறக்காமல் இருந்து பாருங்கள்.