துட்டன்காமன் கல்லறைக்கு டிக்கெட் வாங்கலாமா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த ஒரு கேள்வி: "எகிப்து போறோம். துட்டன்காமன் கல்லறைக்குத் தனி டிக்கெட்டாமே, வாங்கலாமா?"

சுருக்கமா சொன்னா, வாங்கலாம். ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க.

லக்சர் நகரத்துல இருந்து நைல் நதியைத் தாண்டி மேற்குக் கரைக்குப் போனா, புல் பூண்டு இல்லாத சுண்ணாம்புக்கல் மலைகளுக்கு நடுவுல இருக்கு அரசர்கள் பள்ளத்தாக்கு. இதுவரை 60-க்கும் மேற்பட்ட கல்லறைகள் கிடைச்சிருக்கு. சாதாரண டிக்கெட்டுல மூணுக்குள்ள போகலாம். துட்டன்காமன், முதலாம் சேத்தி மாதிரி சிலருக்குத் தனிக் காசு.

துட்டன்காமன் கல்லறை ரொம்பச் சின்னது. 1922 நவம்பர்ல ஹோவர்ட் கார்ட்டர் குழு கண்டுபிடிச்ச தங்கப் பொருள்கள் எல்லாம் கெய்ரோவுக்குப் போயாச்சு. சுவர் ஓவியம் இருக்கிறது ஒரே அறையிலதான். ஆனா அரசர் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கார், கண்ணாடிப் பெட்டிக்குள்ள. அவரை நேர்ல பாக்கணும்னுதான் இத்தனை கூட்டம்.

பிரச்சினையும் அந்தக் கூட்டம்தான். நாம விடுற மூச்சுல ஈரம் இருக்கு, வேர்வையில இருக்கு. பாறையிலயும் பூச்சுலயும் ஏற்கெனவே உப்பு இருக்கும். காத்துல ஈரம் ஏறினா அந்த உப்பு கரையும். இறங்கினா மறுபடி படிகமாகும். படிகம் வளரும்போது பூச்சைப் பின்னாலிருந்து தள்ளும். நம்ம ஊர்ல மழைக்காலம் முடிஞ்சதும் சுவர்ல உப்புப் பூத்து சுண்ணாம்பு உதிருமே, கிட்டத்தட்ட அதே கதை. இங்க உதிர்றது 3000 வருஷத்துக்கும் மேல பழமையான ஓவியம், அவ்வளவுதான் வித்தியாசம்!

அரசி நெஃபர்தாரி கல்லறையை இந்த உப்பு பாடாப் படுத்துச்சு. 1904-ல கண்டுபிடிச்சது. அப்புறம் பல வருஷம் மூடியே கிடந்துச்சு. கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் எகிப்து தொல்லியல் துறையும் 1986-ல ஆரம்பிச்சு 1992 வரைக்கும் உக்காந்து சரிபண்ணாங்க. 1995-ல திறந்தப்போ ஒரு நாளைக்கு 150 பேர்தான்னு கட்டுப்பாடு வெச்சாங்க.

அதே கெட்டி குழுதான் 2009-ல இருந்து துட்டன்காமன் கல்லறையிலயும் வேலை பாத்தாங்க. சுவர்ல இருக்கிற பழுப்புப் புள்ளிகள் பரவுதோன்னு எல்லாருக்கும் பயம். கார்ட்டர் காலத்து போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்தா, அதே புள்ளிகள், வளரவே இல்லை. அதை உண்டாக்குன நுண்ணுயிர்கள் எப்பவோ செத்துப்போச்சு. உண்மையான தொல்லை தூசியும் ஈரமும். அதனால காற்றோட்ட வசதி பண்ணி, நடைமேடையையும் மாத்தினாங்க.

19-ம் நூற்றாண்டுல வந்த ரசிகர்கள் நம்மளவிட மோசம், அதையும் சொல்லிடணும். சேத்தி கல்லறையில ஈரக் காகிதத்தை ஒத்தி புடைப்புச் சிற்பத்தை அச்செடுத்தாங்க. காகிதத்தோட வண்ணமும் உரிஞ்சு வந்துடுச்சு.

என் யோசனை: முதல்ல கார்ட்டர் தங்கியிருந்த வீட்டுப் பக்கம் போங்க. அங்க 2014-ல திறந்த நகல் கல்லறை ஒண்ணு இருக்கு. மாட்ரிட்ல இருக்கிற ஃபேக்டம் ஆர்ட்டே, அசல் சுவர்களை ஸ்கேன் பண்ணிச் செஞ்சது. டூப்ளிகேட்தானேன்னு நெனைக்காதீங்க. கூட்டம் கம்மி, ஓவியத்தை நிதானமா பாக்கலாம். அப்புறமும் அரசரைப் பாக்கணும்னு தோணுச்சுன்னா அசலுக்குப் போங்க. சுவரைத் தொடாம, சீக்கிரம் வெளிய வந்துடுங்க.

நகல்ல இன்னொரு விஷயமும் இருக்கு. அடக்க அறைக்குள்ள போக கார்ட்டர் குழு தெற்குச் சுவரை உடைச்சப்போ ஓவியத்துல ஒரு துண்டு போயிடுச்சு. ஹாரி பர்ட்டன் எடுத்த பழைய போட்டோவை வெச்சு அந்தத் துண்டை மறுபடி உருவாக்கி அங்க வெச்சிருக்காங்க. அசல் கல்லறையில அதைப் பாக்க முடியாது.